ஒற்றைத் துளை ரிசீவர்

ஜூன் 7, ஞாயிறு

வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதப்போகிறேன். எழுதி, அடியில் என் பெயரையும் பட்டத்தையும் வீட்டு எண்ணையும் போட்டு, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். இந்தக் குடியிருப்பு முழுக்கப் படிக்கட்டும்.

முதல் குற்றச்சாட்டு: தண்ணீர் மோட்டார் அட்டவணை. கட்டடத்தின் எந்தப் பக்கத்துக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்று தெரியாமல் எல்லோரும் குழாயைத் திறந்துவைத்துக் காத்திருந்த காலம். மொட்டை மாடி ஏறி, தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து, அந்த அட்டவணையைப் போட்டவன் நான். அது பலகையில் ஏறியபோது அடியில் யார் பெயர்? குடியிருப்புச் செயலாளர் பெயர். வருடங்கள் ஓடிவிட்டன, இன்றும் அந்தத் தாளைக் கடக்கும்போது வயிறு எரிகிறது.

செயலாளருக்கு டைல்ஸ் கடை. மனதுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் சலவைக்கல். வழவழப்பு, குளிர்ச்சி, எதை ஊற்றினாலும் உள்ளே இறங்காது.

கல்லூரியில் என்னைத் தாண்டி என் மாணவனையே துறைத் தலைவராக்கியதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் கோபத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே.

"பல்லக் கடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குதுங்க," என்றாள் மனைவி.

ஜூன் 10, புதன்

இரண்டாவது குற்றச்சாட்டு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கீழே பொது அறையில் கூச்சல். போய்ப் பார்த்தேன்.

அங்கே ஒரு பெரிய டிவி, சுற்றி ஐந்து ஸ்பீக்கர், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு ரிசீவர். வீடு மாறிப்போன ஒருவர் விட்டுச்சென்றது. நல்ல பெட்டிதான், ஆனால் பின்பக்கம் வயர் செருகும் எச்.டி.எம்.ஐ. துளை இரண்டே இரண்டு. அதில் ஒன்று செத்துவிட்டது. மீதி ஒரு துளைக்கு நான்கு கோஷ்டி. மேட்ச் பார்க்கும் கப்பல்காரரின் செட்-டாப் பாக்ஸ், உடற்பயிற்சி டீச்சரின் லேப்டாப், பிள்ளைகளின் கேம் பெட்டி, என் மனைவியின் தோழிகள் வைத்துப் பாடும் பாட்டுப் பெட்டி. வருகிறவர் முந்தையவரின் வயரைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருக வேண்டும்.

இன்று டீச்சர் பிடுங்கிவிட்டார். கப்பல்காரர் இருபது வருடம் கப்பலில் இஞ்சின் பார்த்தவர், குரலும் அந்த அளவுக்குத்தான்.

"ஏம்மா, கடைசி ஓவர்ல பிடுங்குறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"என் கிளாஸ் ஆறு மணிக்கு சார். உங்க மேட்ச் முடியறதுக்குள்ள, காத்திருக்கிற இவங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

"எனக்கு இப்பவே பிடிச்சிருக்கு!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கோபமாக இருக்கும் நாளில் சிரித்தால் கணக்குத் தப்பிவிடும்.

ஜூன் 13, சனி

பொதுக்கூட்டம். சலவைக்கல் ஒரு ஷோரூம் மதிப்பீட்டைத் தூக்கிக் காட்டினார். புது ரிசீவர், புது ஸ்பீக்கர், புது வயர், வந்து மாட்டித்தரக் கூலி. வீட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொன்னதும் அறையில் பாதிப் பேர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்துவிட்டேன். "ஸ்பீக்கர்களுக்கு ஒரு குறையும் இல்லை. தேவை நான்கு துளை. அதற்கு இதில் கால்வாசி போதும்."

"அப்ப நீங்களே செஞ்சு குடுங்க சார்."

"செய்கிறேன்."

"மாசக் கடைசி சனிக்கிழமை எல்லாரும் கூடுறோம். மேட்ச், பாட்டு, பசங்க ஆட்டம், எல்லாம் அன்னைக்கு. அதுக்குள்ள ஆகணும். ஆகலன்னா?"

"ஆகவில்லை என்றால் நீங்கள் சொன்ன விலைக்கே கையெழுத்துப் போடுகிறேன். இனிமேல் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. நான் முடிப்பேன் என்றா, இல்லை வாயை மூடுவேன் என்றா?

"ரெண்டாவதுக்குத்தான்," என்றாள் மனைவி. யோசிக்கவே இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

கடைவீதியில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி கிடைத்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. உள்ளே வர நாலு துளை, வெளியே போக ஒன்று. ரிசீவரின் ஒற்றைத் துளையில் இதைச் செருகி, நான்கையும் இதில் செருகினேன். நான்கும் படம் காட்டின. சத்தமும் வந்தது. விலை? சொன்னால் சலவைக்கல் நாற்காலியிலிருந்து விழுவார்.

இவ்வளவுதானா? சீட்டியடித்துக்கொண்டே மாடி ஏறினேன். நான் சீட்டியடித்துப் பார்த்ததே இல்லை என்கிறாள் மனைவி.

ஜூன் 16, செவ்வாய்

மானம் போயிற்று.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம். எந்தக் கருவி கடைசியாக விழித்துக்கொள்கிறதோ, தானாக அதற்குத் தாவிவிடும். அது வசதி என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. மேட்ச்சில் ஒரு பந்து பாக்கி, நாலு ரன் தேவை. அறை முழுக்கக் கூட்டம். பந்துவீச்சாளர் ஓடி வருகிறார் — மேசையில் தூங்கிக்கொண்டிருந்த டீச்சரின் லேப்டாப் ஏதோ அப்டேட்டுக்காகக் கண் விழித்தது. ஐந்து ஸ்பீக்கரிலும், நிறுத்தாமல் விட்ட பாட வீடியோவிலிருந்து டீச்சரின் குரல்: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சு வைங்க..."

எல்லோரும் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள்.

கப்பல்காரர் ரிமோட்டைத் தேடி, கிடைத்து, அமுக்கி, படம் திரும்பியபோது வீரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள ஊருக்குப் போன மகனுக்குப் போன் போட்டார்.

சலவைக்கல் மூக்கின் மேல் விரல் வைத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது குற்றச்சாட்டு: அந்த விரல்.

ஜூன் 18, வியாழன்

தலை தெளிந்தது. குறை துளையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. எது ஓட வேண்டும் என்பதை மனிதன் தேர்ந்தெடுக்க வேண்டும், பெட்டி தேர்ந்தெடுக்கக் கூடாது. அதற்கு, நிறையத் துளை உள்ள ரிசீவரேதான் வேண்டும். ஆனால் புதுசு எதற்கு? புது ரிசீவர் வாங்குகிறவர்கள் போன தலைமுறைப் பெட்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். காரணம், அதனால் இன்றைக்கு வந்திருக்கும் ஆகத் துல்லியமான படத்தைக் கடத்த முடியாதாம். எங்கள் டிவிக்கே காட்டத் தெரியாத படம் அது! நாங்கள் ஏன் அதற்கு விலை கொடுக்க வேண்டும்?

விளம்பரம் ஒன்று அகப்பட்டது. ஆறு துளை. பேசிவிட்டேன். ஆனால் பெட்டி அரிசி மூட்டை கனம். ஸ்கூட்டரில் ஆகாது. குடியிருப்பில் பின்சீட்டை மடக்கிச் சாமான் ஏற்றும் கார் ஒருவரிடம்தான் இருக்கிறது.

யாரிடம் என்று எழுதவும் கை வரவில்லை.

ஜூன் 20, சனி

சலவைக்கல்லோடு காரில் போனேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, நன்றாக இருந்தது.

விற்கிறவர் வீட்டில் நான் கொண்டுபோன வயரையும் மனைவியின் பாட்டுப் பெட்டியையும் எடுத்து, ஒவ்வொரு துளையாகச் செருகிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு — பாட்டு வந்தது. ஐந்தாவதில் திரை கறுப்பு. ஆறாவது சரி.

"ஆறுல ஒண்ணுதானே சார் போச்சு," என்றார் விற்கிறவர்.

இங்கேதான் என் ஆள் முன்னே வந்தார். "அண்ணே, ஒரு மூலை உடைஞ்ச டைல்ஸை நான் முழு விலைக்கு வித்தா வாங்குவீங்களா?"

"அது டைல்ஸு. இது எலெக்ட்ரானிக்ஸு."

"உடைஞ்ச டைல்ஸையாவது கட்டிலுக்கு அடியில போட்டு மறைச்சிடலாம். செத்த ஓட்டையை எங்க மறைக்கிறது?"

விலை இறங்கியது. இன்னும் இறங்கியது. வாசல் வரை வந்து, திரும்பி நின்று, ரிமோட்டுக்கு பேட்டரியும் வாங்கிக்கொண்டார். இந்த மனிதரையா மூன்று வருடமாக நான் எதிரில் வைத்துக்கொண்டிருந்தேன்? பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய ஆள்!

திரும்பும் வழியில் அவர் போன் அடித்தது. காருக்குள் எல்லாம் கேட்டது.

"செயலாளர் சார், பின்பக்கத்துக்கு இன்னும் தண்ணி ஏறல. பலகையில உங்க பேரைத்தானே போட்டிருக்கு?"

"இப்ப ஏறிடும்மா."

வைத்தார். மறுபடி அடித்தது. முன்பக்கம். மறுபடி. சோப்பு போட்டுக்கொண்டு நடுவில் நிற்கிற ஒருவர்.

"அந்தத் தாள் ஒட்டின நாள்லேருந்து இதான் சார் என் பொழைப்பு," என்றார். "என் மச்சினன் கல்யாணத்துல, தாலி கட்டுற நேரத்துல, 'மோட்டார் ஓடுதா?'ன்னு ஒருத்தர் போன்ல கேக்குறாரு. நான் 'ஓடுது'ன்னு கத்திட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க யாரு ஓடுனதுன்னு பதறிட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். பிறகு சொல்லியே விட்டேன்: "அது நான் போட்ட அட்டவணை."

"தெரியுமே. உங்க பேரோடதான் டைப் அடிச்சேன். உங்க வீட்டம்மாதான் வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"'யாராவது வந்து பெல் அடிச்சா இவரு கடிச்சு வச்சிடுவாரு, உங்க பேரையே போட்டுக்கங்கண்ணே'ன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

ஜூன் 20 — அதே நாள், சாயங்காலம்

விசாரணை நடத்தினேன்.

"ஆமா, சொன்னேன். இப்ப அதுக்கென்ன?" என்றாள் துணி மடித்துக்கொண்டே.

"என் உழைப்பு! என் பெயர்!"

"பால்காரர் ரெண்டு தடவை பெல் அடிச்சதுக்கு அவருகிட்ட நாகரிகத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினது யாரு? அன்னைலேருந்து அவரு பாக்கெட்டைக் கதவுல மாட்டிட்டு ஓடுறாரு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டாள். போர்வை மடிக்கும்போது சண்டை போட முடியாது. முயன்று பார்த்தேன்.

மூன்று வருடக் கோபம்! அதை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

"இந்த ரிசீவருக்கு எழுதுகிற குறிப்பில் என் பெயர் உண்டு. சொல்லிவிட்டேன்."

"தாராளமாப் போடுங்க. பெல் அடிச்சா நீங்கதான் கதவைத் திறக்கணும்."

ஜூன் 21, ஞாயிறு

மாட்டியாயிற்று. ஸ்பீக்கர் வயர்களின் முனையைச் சீவி, பிரியைத் திரித்து, ஒவ்வொன்றாகப் பூட்டினேன். சலவைக்கல் டார்ச் பிடித்தார். (இனி அவருக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும்.) நான்கு கருவி, நான்கு துளை. ஒரு துளை உபரி. செத்த துளையின் மேல் பிளாஸ்திரி.

ரிமோட் எழுத்து கப்பல்காரருக்குத் தெரியவில்லை. மனைவி நகப்பூச்சுப் பெட்டியோடு வந்தாள். பொத்தான்களின் மேல் சொட்டுச் சொட்டாக வைத்தாள். சிவப்பு மேட்ச். ஊதா உடற்பயிற்சி. பச்சை கேம். தங்கநிறம் பாட்டு.

"உன் கோஷ்டிக்கு மட்டும் தங்கமா?"

"பூச்சு யாரோடது?"

ஜூன் 27, சனி

என்ன சொல்ல! என்ன சொல்ல!

பிள்ளைகள் பச்சையை அமுக்கினார்கள், கார்கள் சீறின. கப்பல்காரர் சிவப்பை அமுக்கினார், மைதானம் வந்தது. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. சும்மாவே மாற்றி மாற்றி அமுக்கினார், கைக்குழந்தைபோல. லேப்டாப் நடுவில் ஒருமுறை கண் விழித்தது; ஒருவரும் சட்டை செய்யவில்லை. மேட்ச் கடைசிப் பந்து வரை போய், அந்தக் கடைசிப் பந்தை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். டீச்சரே நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். "மூச்சை இழும்மா!" என்றார் கப்பல்காரர்.

கடைசியில் தங்கம். என் மனைவி பாடினாள். அந்தப் பழைய ஸ்பீக்கர்களில் அவள் குரல் அறையைச் சுற்றி வந்தது. வீட்டில் கேட்டிருக்கிறேன், குக்கர் சத்தத்துக்கு நடுவில். இப்படிக் கேட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டேன். யாரும் என்னை வாய் மூடச் சொல்லவில்லை.

செயலாளர் எழுந்து, "ஜெயிச்சுட்டீங்க சார். இனிமே எல்லாக் கூட்டத்திலயும் பேசலாம்," என்றார். கை தட்டினார்கள். இந்த முறை சந்தேகமில்லை.

ஜூன் 28, ஞாயிறு

இயக்கும் முறையை எழுதி ரிசீவர் மேல் ஒட்டினேன். அடியில் பெயர், பட்டம், வீட்டு எண். எட்டி நின்று பார்த்தேன். அழகு.

ஜூன் 29, திங்கள்

பெல். பச்சை வரவில்லையாம். கேம் பெட்டியை ஆன் செய்யவில்லை.

பெல். சத்தம் வரவில்லையாம். யாரோ ம்யூட்டை அமுக்கியிருக்கிறார்கள்.

பெல். சிவப்பு எது, தங்கம் எது என்று கப்பல்காரர். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜூன் 30, செவ்வாய்

பெல். ம்யூட். பெல். ம்யூட். குளித்துக்கொண்டிருக்கும்போது பெல். மனைவி சோபாவிலிருந்து நகரவில்லை. "பேரு உங்களோடதுங்க."

ஜூலை 2, வியாழன்

லிஃப்டில் செயலாளர். என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணுக்குக் கீழே பார்த்தார். "எத்தனை பெல் சார்?"

"எண்ணுவதை விட்டுவிட்டேன்."

"நமக்கு ஒரு சங்கம் வச்சுக்கலாம்," என்றார். இரண்டு பேரும் தரைத்தளம் வரை சிரித்து, கதவு திறந்ததைக் கவனிக்காமல் மறுபடி மேலே போய்விட்டோம்.

பழைய தாளைக் கிழித்துவிட்டேன். புதுத் தாள் எழுதியாயிற்று, எழுத்து பெரிதாக. முதல் வரி: "சத்தம் வரவில்லையா? முதலில் ம்யூட்டைப் பாருங்கள்." பிறகு நான்கு நிறம், அவள் நகப்பூச்சாலேயே பொட்டு வைத்து. அடியில் இடம் காலியாக இருக்கிறது. அங்கே செயலாளர் கையெழுத்தைப் போடலாமா என்று ஒரு நிமிடம் — சத்தியமாக ஒரு நிமிடம்தான் — தோன்றியது.

வேண்டாம். மனிதருக்குத் தண்ணீரே போதும். பெயரில்லாமல் ஒட்டப்போகிறேன்.