டிரைவருக்கு நீ சொன்ன பதில்

அன்புள்ள தவமணி,

'அன்புள்ள' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். கோபத்தில் இருப்பவன் அதை விட்டுவிடுவான் என்று நீ நினைத்திருந்தால், இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தும் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். கோபம் இருக்கிறது. அன்பும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. ஒன்று வந்ததால் மற்றொன்று வெளியேறிவிடவில்லை.

இதை உறையிலிட்டு உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஊரார் படிக்க அச்சுக்குக் கொடுக்கிறேன். உன் கதையை நீ எனக்குச் சொல்லாமல் ஓர் அறை நிறைந்த பெண்களுக்குச் சொன்னாய். பொதுவில் சொல்லப்பட்டதற்குப் பொதுவில் பதில் எழுதுவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நீ நட்ட ரம்புட்டான் இந்த வருடம்தான் காய்த்தது. குரங்குகள் எனக்கு முந்திக்கொண்டன. போன மழையில் கஹவத்தை வீதியில் மண் சரிந்து பஸ் சில நாள் ஓடவில்லை. மாணவர்கள் வராத பாடசாலையில் நானும் காவலாளியும் உட்கார்ந்திருந்தோம். பிரதி அதிபர் நாற்காலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சமையல் பழகிவிட்டேன். பருப்பு மட்டும் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

இனி உன் ஹிந்தி வகுப்பு. நீ அறிந்ததைப் படிக்கிறவர்களும் அறிய வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். திருமணத்துக்கு முன் நீ மஸ்கட்டில் ஒரு வட இந்தியக் குடும்பத்தின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தாய். திரும்பும்போது ஹிந்தியோடு வந்தாய். பிற்காலத்தில், வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் தோட்டத்துப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சொல்லிக்கொடுக்க விரும்பினாய். ஏஜென்சியில் கொஞ்சம் அரபு கற்பிக்கிறார்கள், ஆனால் அங்கே சமையல்காரன், டிரைவர், தோட்டக்காரன் எல்லோருக்கும் பொதுவாக ஓடுவது ஹிந்திதான் என்றாய். தோட்டத் துரையிடம் பேசி, பிள்ளைக் காம்பராவின் சாவியை என் பொறுப்பில் வாங்கித் தந்தவன் நான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறை, ஞாயிறு மதியங்களில் உன் வகுப்பறை ஆயிற்று.

உன்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவேன். "பொம்பளைங்க கூச்சப்படுவாங்க, நீங்க போங்க" என்பாய். போய்விடுவேன். அந்தப் படியை நான் ஏறியதில்லை.

மஸ்கட்டைப் பற்றி நானாகக் கேட்டதுமில்லை. அதை நாகரிகம் என்று கருதினேன், இன்றும் அப்படியே கருதுகிறேன். ஒருமுறை நீயாகச் சொன்னாய்: "அங்க என்னங்க இருக்கு. பாத்திரம், பிள்ளைங்க, திரும்பவும் பாத்திரம்." உன் இளமையின் அத்தனை வருடங்களுக்கும் எனக்குக் கிடைத்த விவரம் அவ்வளவே. நான் அதை நம்பினேன். பாத்திரங்களையும் பிள்ளைகளையும் நம்பினேன்.

போன வருடம் மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். பிறகு எழுந்திருக்கவில்லை. உன்னை முன்வாசலில் கிடத்தியிருந்தபோது உன் வகுப்புப் பெண்கள் என் தங்கைகளை ஒதுக்கிவிட்டு உன் தலைமாட்டில் நின்றார்கள். என்ன உரிமையில் அங்கே நிற்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. இப்போது தெரியும்.

சில மாதங்களுக்குப் பிறகு செல்வி வந்தாள். உன் வகுப்பின் முதல் அணியைச் சேர்ந்தவள், இரண்டு முறை வெளிநாடு போய் வந்தவள். கூடவே கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் குசுமாவும்.

"சார், காம்பரா சாவி வேணும்."

"எதற்கு?"

"கிளாஸ் தொடங்கணும். ரெண்டு புள்ளைங்களுக்கு விசா வந்திருச்சு. ஒரு வார்த்த தெரியாம போகப் போகுதுங்க."

"யார் படிப்பிக்கிறது?"

"நான்தான் சார். டீச்சர் சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லுவேன்."

சாவி என் பொறுப்பில் இருப்பதால் என்ன நடக்கிறது என்று நானும் வந்து உட்கார்ந்து பார்ப்பேன் என்றேன். செல்வி குசுமாவைப் பார்த்தாள். குசுமா கூரையைப் பார்த்தாள்.

"சார் இருந்தா நாங்க எப்படி சார் நடிக்கிறது?"

மொழி வகுப்பில் நடிப்பு எதற்கு என்று கேட்டேன். "வந்து பாருங்க" என்றாள்.

போனேன். சேலைத் தொட்டில்களை உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த நாற்காலி மூன்று வயதுப் பிள்ளைக்கு உரியது. முழங்கால் மோவாயைத் தொட, மூலையில் உட்கார்ந்தேன்.

உன் முறை எனக்கு அங்கேதான் விளங்கியது. இலக்கணமில்லை, அட்டவணையில்லை. ஒவ்வொரு பாடமும் ஒரு காட்சி. மஸ்கட்டில் ஒரு வீடு, அதில் மாலா என்று ஒரு பெண். ஒருத்தி வீட்டு எஜமானி நோனாவாக உட்காருவாள், ஒருத்தி மாலாவாக நிற்பாள். முதல் பாடத்தில் மாலா தன் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்கிறாள். பிறகொரு பாடத்தில், சாப்பிட்டுவிட்டுத்தான் துணி துவைப்பேன் என்கிறாள். இன்னொன்றில், அம்மாவோடு பேசத் தொலைபேசி கேட்கிறாள். மறுக்கப்படும்போது கையை நீட்டியபடியே மறுபடி கேட்கிறாள். மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு மாலாவைப் பக்கத்து லயத்து வீட்டுக்காரி போலத் தெரிந்திருந்தது. "இந்த நோனாவுக்கு மாலா நல்லா குடுப்பா பாரு" என்று ஒருத்தி எனக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தாள்.

பிறகு டிரைவர் வந்தான். குசுமா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்தாள். வகுப்பு உயிர்பெற்றது. "பய்யா, காடி ரோக்கோ" என்றாள் செல்வி. அண்ணா, வண்டியை நிறுத்துங்கள் என்று பொருளாம். பள்ளிக்கூடம், சந்தை, மருந்துக் கடை என்று மாலா அவனோடு போய்வந்தபடி இருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'பய்யா' இருந்தது.

அதோடு இன்றைக்குப் போதும் என்றாள் செல்வி. புறப்பட இருந்த பெண்களில் ஒருத்தி, நிஷாந்தினி, எழுந்தாள்.

"கடக்கர பாடம் இருக்குன்னு எங்க அக்கா சொன்னாளே. அதுதான் முக்கியமாம்."

"அது அடுத்த வாரம் புள்ள."

"அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல்க்கா."

செல்வி என்னைப் பார்க்காமல் மாலாவின் இடத்தில் போய் நின்றாள். குசுமா தட்டைக் கீழே வைத்தாள். வண்டி கடற்கரையில் நிற்கிறது. பிள்ளைகள் மணலில் விளையாடுகிறார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: "மேரே சாத் சலோகி?"

யாரும் சிரிக்கவில்லை. செல்வி சற்று நேரம் பேசாமல் நின்றாள். அந்த மௌனமும் பாடத்தில் ஒரு பகுதி என்பது எனக்குப் புரிந்தது. பிறகு சொன்னாள்: "நஹி. மேரா கர் ஹே. மே வஹீ ஜாவுங்கி." அறையில் இருந்த அத்தனை பெண்களும் வாய்ப்பாடு போல அதை ஒப்பித்தார்கள்.

என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"என்கூட வருவியான்னு அவன் கேக்கறான் சார். அவன் ஊருக்கு, கல்யாணம் கட்டிக்க. மாலா, இல்ல, எனக்கு வீடு இருக்கு, அங்கதான் போவேன்னு சொல்றா."

"யார் இந்த மாலா?"

செல்வி துவாயை மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள். "டீச்சர்தான் சார். சாருக்குத் தெரியும்னு நெனச்சோம்."

தவமணி, உன் கணவனுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். கஹவத்தையிலும் றக்வானையிலும் மஸ்கட்டிலும் துபாயிலும் எத்தனையோ பெண்கள் உன் வாழ்க்கையைப் பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று நியாயமாகவே நம்பியிருக்கிறார்கள்.

அந்த ஒரு பாடத்தில் மட்டும் 'பய்யா' இல்லை. எல்லா இடத்திலும் அண்ணன் என்று அழைக்கப்பட்டவன், கடற்கரையில் அப்படி அழைக்கப்படவில்லை. செல்வியிடம் அதைக் கேட்டேன். "நாங்களும் கேட்டோம் சார். டீச்சர் சிரிச்சிட்டு போர்ட அழிச்சிட்டாங்க" என்றாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேனா? எந்தச் சிரிப்பு அது? உன் ஹிந்தி அவன் தந்ததா? வீட்டில் கறி கிளறும்போது நீ முணுமுணுத்ததெல்லாம் யாருடைய சொற்கள்?

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மற்றப் பாடங்கள் நடக்கலாம், கடற்கரைப் பாடம் கூடாது என்றேன். பிரதி அதிபரின் குரலில் சொன்னேன். அடுத்த ஞாயிறு சாவி கேட்டு யாரும் வரவில்லை. காம்பரா பூட்டியே கிடந்தது.

திங்கள் மாலை செல்வி மட்டும் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பாடத்த எடுத்துட்டா மிச்சமெல்லாம் தண்ணி குடு, கதவத் தொறதான் சார். அத ஃபோன்லயே படிச்சிக்கலாம்."

"ஒரு மனிதனை மறுப்பதற்கு வகுப்பு எதற்கு? வேண்டாம் என்றால் வேண்டாம்."

"மேல் லயத்து சாந்தி அப்படி நெனச்சுத்தான் போனா. படிச்சவதான். ஒருத்தன் அன்பா பேசினான், நம்பி அந்த வீட்ட விட்டு எறங்கிட்டா. பாஸ்போர்ட் நோனா கையில. எங்க இருக்கான்னு இன்னைக்கும் அவங்க அம்மாவுக்குத் தெரியாது. டீச்சர் எப்பவும் சொல்லுவாங்க சார். பிடிக்காதவன்கிட்ட முடியாதுன்னு வாய் தன்னால சொல்லும். பிடிச்சவன்கிட்ட சொல்லத்தான் பழகிக்கணும்னு."

பிடிச்சவன். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும். அது என் வீட்டு முன்வாசலில், உன் படத்துக்குக் கீழே, உன் மாணவியின் வாயால் வந்தது.

பேசாமல் இருந்தேன். செல்வி நான் இணங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அவளுடைய துணிச்சலுக்கும் நீதான் பொறுப்பு.

"இன்னொன்னு சார். குசுமா டிரைவரா நின்னா புள்ளைங்களுக்குச் சிரிப்பு வருது. ஆம்பளக் கொரலுக்குப் பதில் சொல்லிப் பழகணும். சார் வந்து நிக்கிறீங்களா?"

"நான் பிரதி அதிபர்."

"அதனாலதான் கேக்கறோம். சார் மொகத்தப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வராது."

அவள் போன பிறகு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவன் மீது எனக்குப் பொறாமை. ஒளிக்க விரும்பவில்லை. அவன் உன்னைப் பார்த்தான் என்பதால் அல்ல, உனக்குப் பிடித்திருந்தது என்பதால்கூட முழுவதுமாக அல்ல. அவன் உன்னிடம் கேட்டான், நீ பதில் சொன்னாய், அதனால்தான். மறுப்புதான். ஆனாலும் யோசித்து, மௌனமாக நின்று, அவனுக்கென்றே நீ சொன்ன பதில் அது. நம் கதையில் பெரியவர்கள் பேசினார்கள், வெற்றிலை மாற்றினார்கள், நாள் குறித்தார்கள். கேட்கும் வேலை எனக்கு வரவே இல்லை. அவனிடம் உன் 'இல்லை' இருக்கிறது. என்னிடம் அதுகூட இல்லை. நான் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஞாயிறன்று சாவியோடு போனேன். வாக்கியத்தைச் செல்வி சொல்லித் தந்தாள். நிஷாந்தினிக்கு எதிரில் நின்று கேட்டேன். அவள் பாடசாலைப் பழக்கத்தில், "பிரசன்ட் சார்" என்றாள். காம்பரா முழுவதும் சிரித்தது. குசுமா என் தோளைத் தட்டினாள். என் தோளை யாரும் தட்டுவதில்லை.

"சார், மெல்ல கேளுங்க. தரஹ வென்ன எபா, கோவப்படாதீங்க. கோவமா கேட்டா, புள்ளைக்கு இல்லன்னு சொல்றது ரொம்ப லேசுதானே."

அவள் சொன்னது சரி. மெதுவாகக் கேட்க வேண்டியிருந்தது. வரமாட்டாளா என்று ஏங்குகிறவனைப் போலக் கேட்க வேண்டியிருந்தது. மறுபடி கேட்டேன்: "மேரே சாத் சலோகி?" என் வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் நான் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. நிஷாந்தினி தரையைப் பார்த்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, என் கண்ணைப் பார்த்து, நீ எழுதிவைத்த பதிலைச் சொன்னாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. செவ்வாயன்று விமானம் ஏறினாள்.

மன்னித்துவிட்டதாக நினைக்காதே. நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் இதை வாக்காகத் தருகிறேன்: காம்பரா பூட்டப்படாது, அந்தப் பாடம் நீக்கப்படாது, புறப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரில் நானே போய் நின்று அவன் கேள்வியைக் கேட்பேன். முடிந்த அளவு மென்மையாகவே கேட்பேன். ஒவ்வொருத்தியும் அவனை மறுப்பாள். அதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் அலுக்காது. எவளாவது தடுமாறினால், தடுமாறாமல் சொல்லும் வரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமலே
உனக்குக் கணவனானவன்