பலகையில் உனக்கென்று விட்ட மூலை

அன்புள்ள என் மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தத் தயவில் சேரமாட்டேன் என்று தனியாக அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதற்கு மேல் எனக்கும் பேச்சு ஓடுவதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே புக முடியாது அல்லவா, அதனால் உட்கார்ந்து முழுதாகப் படி. நீ தபாலில் அனுப்பிய புகைப்படம் வந்து சேர்ந்தது. அப்பா அதைக் கடையில் என் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இங்கே நடக்கும் கூத்தைக் கேள்.

நம் ஆலயத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கரும்பலகை இருக்குமே, அன்றைக்குப் பாடும் பாட்டு எண்களை எழுதுவார்களே, அதில் ஒரு வருடமாக உன் அம்மா படம் வரைகிறாள். சிரிக்காதே. எல்லாம் கோயில் கூட்டுகிற பெரியம்மாவால் வந்தது. ஜெபக் குறிப்புகளைச் சபைச் செயலர் ஞாயிறுதோறும் எழுந்து வாசிப்பார், கூட்டத்துக்குக் கூட்டம் காகிதங்களைச் சேர்த்து டக் டக்கென்று பின் அடித்துக்கொண்டே இருப்பாரே, நீங்கள் எல்லாம் ஸ்டேப்ளர் மாமா என்று பேர் வைத்தீர்களே, அவரேதான். கால்வலி மூன்று பேர், பரீட்சை நான்கு பேர், பிரயாணம் இரண்டு பேர் என்று வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதே குறிப்பைப் பலகையிலும் எழுதிவைப்பார். ஒருநாள் பெரியம்மா துடைப்பத்தோடு வந்து பலகையைக் காட்டி, இதுல என் காலு எதும்மா என்று கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. துணியில் குறி போடும் தட்டையான சாக்பீஸ் எப்போதும் என் பையில் கிடக்கும், அதை எடுத்து ஓரத்தில் ஒரு பாதம் வரைந்தேன், குதிகால் வெடிப்பும் வார் அறுந்த செருப்புமாக. அவர் விரலைப் படாமல் கிட்டே கொண்டுபோய், ஆமா இதேதான் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று ஜெபம்பண்ணினார். அந்த ஆலயத்தை அத்தனை வருடம் கூட்டியவர் ஒரு இடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போவேன், ஈரத்துணியால் பழையதைத் துடைப்பேன், புதிதாக வரைவேன். கடித்துக் கடித்துக் கட்டையான பென்சில், பூட்டுக்குள் நுழையாத சாவி, யாரோ ஒருவருக்குச் சிறுநீரகம். அது அப்படியே முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கு, பாத்தா பசிக்குதுடி என்றார் அப்பா. கேலி செய்யட்டும். எனக்குக் கண்ணை மூடி ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே பட்டன் துளையும் பாக்கித் தையலும் வந்து நிற்கும், முப்பது வருடமாக ஆண்டவரிடம் பாதியில் எழுந்து ஓடுகிறவள் நான். சாக்பீஸ் கையில் இருந்தால் மட்டும் மனது ஓடாது. ஒருவருடைய வலிக்கு ஒரு வடிவம் கொடுக்க வேண்டுமானால் அவரோடு அரைமணி நேரமாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும். உனக்கு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வயதில் நீ பிரசங்கத்தின்போது காணிக்கை உறையின் பின்னால் மீன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசியை வரைந்தாய், அவருக்குக் கொசு கடிப்பதைக்கூட விடாமல். நான் உன் தொடையில் கிள்ளி, கோயிலுக்கு வந்தா ஜெபம் பண்ணணும், கிறுக்கக் கூடாது என்றேன். அதற்குப் பிறகு நீ கோயிலில் வரையவில்லை, கொஞ்ச நாளில் வீட்டிலும் வரையவில்லை. கிள்ளியது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன். பாடகர் குழுவில் முதல் குரல் பாடும் தபால் நிலையத்து அக்காவை உனக்கு நினைவிருக்கும். குழுவுக்குப் புது அங்கி தைக்கும் வேலை எனக்கு வந்தது, பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி அளவெடுத்தேன். அளவெடுக்கிறவளுக்கு ஒருவர் வாய் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அக்காவுக்கு முதல் தடவை தைத்தது தொளதொளத்தது, சைடு பிடித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் இன்னும் இளைத்துத் திரும்ப வந்தார், மறுபடி பிடித்தேன். இரண்டு தடவையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு மனது கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பலகையில் ஒரு அங்கியை வரைந்து, இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிப் புள்ளிக் கோடு போட்டேன், நான் துணியில் போடுகிற மாதிரியே. பேர் எழுதவில்லை, ஆண்டவருக்குப் புரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஆண்டவருக்கு முன்னால் மற்ற பதின்மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. முதல் பாட்டு முடிவதற்குள் விஷயம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டது. ஆராதனை முடிந்ததும் ஒருத்தி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும், டாக்டர் என்னக்கா சொன்னாரு என்று கேட்டாள். அக்கா அதுவரை டாக்டரிடமே போகவில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அங்கியைக் கழற்றி, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, நிலைப்படியில் நின்றே பேசினார். நான் உன்கிட்ட கேட்டேனா, என் இடுப்புல டேப்பை வச்சது அங்கிக்குத்தானே, ஜெபத்துக்கா என்று கேட்டார். நல்லதுக்குத்தான் செய்தேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். தப்புதான்க்கா என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர், நீயே உன் கையால அழிக்கணும், நான் நின்னு பாக்கணும் என்றார். திரும்பி நடந்து வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் எல்லோரும் உற்றுப் பார்த்தபோது நம் ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதினாரே, என்ன எழுதினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாதே. அந்தப் பெண்மேல் இருந்த கண்களை எல்லாம் தரைக்கு இழுப்பதற்காகத்தான் எழுதினாரோ என்று எனக்குத் தோன்றியது. நானோ யாரும் பார்க்காமல் இருந்தவரைப் பலகையில் ஏற்றி எல்லோரையும் பார்க்கவைத்துவிட்டேன். தெரு முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

சனிக்கிழமை அக்கா சொன்னபடி வந்தார். கமிட்டி கூடும்வரை யாரும் தொடக்கூடாது என்று ஸ்டேப்ளர் மாமா விஷயம் வெடித்த அன்றைக்கே பலகையின்மேல் ஒரு பழைய திரைச்சீலையைப் போட்டு மூடியிருந்தார். நான் அதை விலக்கி, ஈரத்துணியை எடுத்து அந்த அங்கியை அழித்தேன். புள்ளிக் கோட்டின் சுவடு போகும்வரை மூன்று தடவை துடைத்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை, பலகை காயும்வரை நின்றார். காய்ந்ததும் கையை நீட்டினார், சாக்பீஸைக் கொடுத்தேன். ஒரு நாற்காலி வரைந்தார். நாலு காலில் ஒன்று குட்டை, முதுகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிக்க முடியலம்மா, பாட முடியுது, நிக்கத்தான் முடியல என்றார். பல மாதமாக முக்கால் மணி நேரம் கால் நடுங்க நின்று பாடியிருக்கிறார், குழு என்றால் நின்றுதான் பாட வேண்டும் என்று நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, நம் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியைத் தோளில் தூக்கிவந்து முதல் வரிசையில் போட்டார். அக்கா அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாடினார். குரலில் ஒரு பிசிறு இல்லை. வருகிற புதன்கிழமை அவருக்குப் பரிசோதனை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார், அக்காவோடு நானும் போகிறேன். என்ன வருமோ தெரியாது.

ஸ்டேப்ளர் மாமாவோ, முதல்ல படம், இப்ப பர்னிச்சரா என்று குதிக்கிறார். பலகையைக் கழற்றிவிட்டுப் பாட்டு எண் ஓடுகிற திரை ஒன்றை மாட்டப்போகிறார்களாம், வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடுகிறது. ஜெபம்னா வாயால பண்ணணும், படம் போட்டா இப்படித்தான் ஆகும் என்கிறார். அவர் சொல்வதில் பாதி சரி, அதுதான் எனக்கு எரிச்சல். கமிட்டியில் பேசப் போதகரிடம் நேரம் கேட்டேன், அவர் யார் மனதும் நோகாதபடி ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். உனக்கெதுக்குடி வம்பு, தச்சமா வந்தமான்னு இரு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். இருக்கமாட்டேன். கடையில் உடை மாட்டும் பொம்மைக்கு முன்னால் நின்று நாலு நாளாகப் பேசிப் பழகுகிறேன், அதற்குத் தலை இல்லாததால் இதுவரை எதிர்ப்பு ஒன்றும் இல்லை. முதலில் என் தப்பை எழுந்து நின்று சொல்வேன். இனி ஒருவர் தேவையை அவர் கேட்காமல் நான் வரையமாட்டேன், முடிந்தவர்கள் தாங்களே வரையட்டும், சாக்பீஸ் கொடுப்பதும் துடைப்பதும் என் வேலை என்பேன். பிறகு ஆண்டவர் ஆசாரியனுக்கு அங்கி தைக்கச் சொன்ன இடத்தை எடுப்பேன். கழுத்து கிழியாமல் இருக்க எப்படி விளிம்பு கட்ட வேண்டும் என்றுகூட அவர் சொல்லியிருக்கிறார், படிக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும், என் தொழில் தெரிந்தவர் அவர். ஓரத்தில் நூலால் மாதுளம்பழம் செய்து தொங்கவிடச் சொன்னாரே, மாதுளை இல்லாவிட்டால் பலி ஏறாதா, தூபம் புகையாதா? இருந்தும் கேட்டார். அதைச் செய்கிற கைகளுக்குத் தம்முடைய ஆவியையே கொடுத்தார். வாயால் முடியாதவர்களை அவர் வாசலில் நிறுத்தமாட்டார், நாம் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்று ஸ்டேப்ளர் மாமாவின் முகத்தைப் பார்த்தே கேட்பேன். இதையெல்லாம் கேட்டும் பலகையைக் கழற்றினால் கழற்றட்டும். வாசலில் கல்தரை இருக்கிறது, அதிலும் சாக்பீஸ் எழுதும், அதை அவர் ஸ்க்ரூ கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது.

இனி உன் புகைப்படம். நீ போட்டிருக்கும் நீலச் சட்டை நான் தைத்தது. தோள்தையல் சரியாக எலும்பின்மேல் உட்காரும்படி வைத்தேன், படத்தில் அது இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கிறது. மணிக்கட்டில் நிற்க வேண்டிய சட்டைக் கை விரல்முட்டிவரை வந்திருக்கிறது. சட்டை வளராது கண்ணு. போன சனிக்கிழமை அக்கா போன பிறகு தனியாக நின்று பலகையின் வலது மூலையில் ஒரு சட்டையின் தோளை வரைந்தேன், முடிப்பதற்குள் நானே துடைத்துவிட்டேன். நீ சொல்லவில்லை, அதனால் வரையவில்லை. கேட்கவும் மாட்டேன், கேட்டால் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்வாய். அந்த மூலையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பெரியம்மா இது யாருக்கு என்று கேட்டார், என்னைவிட நன்றாக வரைகிற ஒருத்திக்கு என்றேன். இந்த உறைக்குள் ஒரு கறுப்புக் காகிதமும் துணியில் சுற்றி ஒரு சாக்பீஸும் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் உடைந்திருக்கும், உடைந்ததும் எழுதும். உனக்கு என்ன தோன்றுகிறதோ வரைந்து அனுப்பு. இன்னதென்று எனக்குக்கூடப் புரிய வேண்டாம். பலகை இருந்தால் பலகையில், இல்லாவிட்டால் கல்தரையில், நீ போட்ட கோட்டை அப்படியே போடுவேன், ஒரு புள்ளி கூட்டமாட்டேன். அனுப்ப மனமில்லை என்றால் அந்த மூலை காலியாகவே இருக்கட்டும், காலியான இடத்தைப் பார்த்து நின்று ஜெபிக்க எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், முழங்கால் விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். உன்னை எனக்குத் தந்தவர் உன் போக்கிலும் வரத்திலும் கூடவே இருந்து, உன் கையையும் மனதையும் திடப்படுத்துவாராக. ஞாபகமாக ஒன்று, அந்த நீலச் சட்டை தொளதொளக்கிறது என்று அங்கே யாரிடமும் கொடுத்துச் சைடு பிடிக்காதே. தையல் அப்படியே இருக்கட்டும், நீ மறுபடி அந்த அளவுக்கு வருவாய்.

இப்படிக்கு,
அன்று உன்னைக் கிள்ளிய அதே கையால் எழுதும்
உன் அம்மா