சணப்பின் வேர் இறங்கவில்லை

நாள் 41, காலை 06:10
செவ்வாய்க் கோள், இரண்டாம் கூடாரம். எழுதுவது மண்ணாய்வாளர் கோதண்டம். இங்கே இருப்பது நான் ஒருவன்தான். வெப்பம் 24 டிகிரி. பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பு முழங்கால் உயரம். இதன் வேரில் முடிச்சு கட்டும், முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அதன் பிறகு மடக்கி உழுது நெல் விதைப்பேன். பூமியிலிருந்து கப்பலில் ஆறு பேர் வருகிறார்கள். தலைவி என் தங்கை மங்கையர்க்கரசி. அவர்களிடம் இறங்கும் நாள் வரைக்குமான சாப்பாடுதான் இருக்கிறது.

நாள் 44, காலை 07:30
இலை வெளுக்கிறது. யூரியாக் கரைசல் தெளித்தேன். வெளுத்தால் ஒரு கை போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். முனைவர் பட்டம் வாங்கியும் கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

நாள் 52, மாலை 16:00
மூன்றாம் தெளிப்பு. கண்ணைப் பறிக்கும் பச்சை. கப்பலுக்குப் படம் அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது.

நாள் 57, காலை 09:20
உழுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கினேன். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேர் நாலு விரற்கடை. முடிச்சு ஒன்றுகூட இல்லை.

இன்னும் பன்னிரண்டு செடி பிடுங்கினேன். எல்லாம் அப்படியே.

காலை 10:05
முட்டாள் நான். மண்ணில் நைட்ரஜன் குறைந்தால்தான் வேர் தேடிக்கொண்டு ஆழம் போகும், முடிச்சு கட்டும். நான் வாயில் ஊட்டிவிட்டேன், அது சோம்பி மேலேயே உட்கார்ந்துவிட்டது. உழுதால் நான் போட்ட யூரியாதான் திரும்ப வரும், ஒரு பிடிகூட அதிகமாக வராது. யூரியா மூட்டையும் காலி. கப்பல் திரும்ப 60ஆம் நாள் வரை நேரமுண்டு. திரும்பிப் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

காலை 10:52
கப்பலிலிருந்து: “அண்ணே, என்ன சொல்றீங்க? முந்தாநாளே எரிபொருளை எரிச்சு வேகமெடுத்துட்டோம். திரும்ப முடியாது. உங்க படத்தைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணோம். அவ்வளவு பச்சையா இருந்துச்சே அண்ணே.”

நாள் 58, காலை 05:40
எதுவும் போடுவதில்லை என்று முடிவு. பட்டினி கிடந்தால் வேர் இறங்கும். இறங்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

நாள் 71, பகல் 12:15
இலை மஞ்சள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது கொடுமை. வேர் ஒரு சாண் இறங்கியிருக்கிறது! கடுகளவு முடிச்சுகள்! சத்தம் போட்டு அழுதேன். வேர் பிடித்துவிட்டது என்று கப்பலுக்கும் சேதி அனுப்பினேன்.

நாள் 83, காலை 08:00
பிளேடால் முடிச்சுகளை வெட்டினேன். வேலை செய்யும் முடிச்சு உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும். முதலாவது வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. நாற்பது வெட்டியபின் நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் காத்திருந்தால் நெல்லுக்குக் காலம் போதாது. உழுகிறேன்.

நாள் 168, மாலை 17:30
நெல் கணுக்கால் உயரத்தில் மஞ்சளித்து நிற்கிறது. கதிர் இல்லை. கப்பலுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. கிடங்கில் என் ஒருவனுக்கு இருபது மாதத்துக்கு அரிசி உண்டு. ஏழு பேருக்கு மூன்று மாதம்கூட வராது. அடுத்த சரக்குக் கப்பல் வர இருபது மாதம்.

கப்பலிலிருந்து: “அண்ணே, எறங்கப் போறோம். ஆறு மாசமா பொட்டலத்தையே தின்னு நாக்கு செத்துப்போச்சு. சுடுசோறு போடுவீங்கல்ல?”

மாலை 18:10
தரை அதிர்கிறது. ஏழு பேருக்கு உலை வைத்துவிட்டேன். வந்தவுடன் எதுவும் சொல்லப்போவதில்லை. முதலில் வயிறார உண்ணட்டும். இனி யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்பதை அதற்கப்புறம் உட்கார்ந்து பேச வேண்டும்.