உன் லைசென்ஸை நீட்டிவிட்டேன்

அண்ணே,

இன்றைக்குக் காலையில் சயான் சிக்னலில் ஒரு கூத்து நடந்தது. நான் வண்டி ஓட்ட, பின்னால் சுமதி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் செம்பூர் காலேஜில் காலையிலேயே வகுப்பு. டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற தெம்பில் பர்ஸைத் திறந்து, கைக்கு வந்த அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "யே கோன் ஹை?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நான் நீட்டியது உன் லைசென்ஸ்.

ஈரத்தலையைப் படிய வாரிக்கொண்டு, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையில், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி அதில் முழித்துக்கொண்டிருக்கிறாய். இது யார் என்று கேட்டால் நான் என்னவென்று சொல்வது? சுமதிதான் "மேரே மாமா" என்றாள். என் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவளைக் காலேஜில் விட்டுவிட்டு வந்தவள், தைக்க வேண்டிய பைகளை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதே சிக்னல்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீயும் அவளும் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

இருபத்திரண்டு வருஷம் லைசென்ஸ் இல்லாமலேயே ஓட்டினவன் நீ. நான் தைக்கிற ஸ்கூல் பைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டிக் குர்லா கடைகளுக்குக் கொண்டுபோவாய். எந்த வழியில் எத்தனை மணிக்குப் போலீஸ் நிற்கும் என்பது உனக்கு மனப்பாடம். தாராவியில் நம் சந்தில் உன் வண்டியில் ஏறாத ஆள் கிடையாது. பிரசவ வலி வந்தவளைக்கூட நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாய். அதில் உனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லாதே.

சுமதிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. நேரமாகிவிட்டதென்று மெயின் ரோட்டிலேயே போனாய், பிடித்துவிட்டார்கள். நீ கெஞ்சிக்கொண்டிருக்க, அவள் அழுதுகொண்டே ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து, மணி அடித்த பிறகு உள்ளே போயிருக்கிறாள். சாயங்காலம் நீ வாசலுக்கு வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். சந்தே வேடிக்கை பார்க்கக் கத்தினேன்.

"இனிமே என் பிள்ள உன் வண்டில ஏற மாட்டா. லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு என்ன பெரியமனுசத்தனம் வேண்டிக்கெடக்கு?"

நீ தூசியே இல்லாத சீட்டைத் துணியால் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாய். சுமதிக்கு உன்மேல் கோபமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. நல்ல மார்க் வந்த பிறகும் இருந்தது.

பத்து நாள் கழித்து என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாய்.

"ஏட்டி, லைசென்ஸ் எடுக்கப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்கு? எனக்கு சைக்கிளே ததிங்கணத்தோம்."

"அங்க பூரா காலேஜ் பயலுவளா நிப்பானுவ. அம்பது வயசுல நான் மட்டும் போயி நிக்க ஒரு மாதிரி இருக்குல்லா."

கோபத்தோடுதான் சரி என்றேன். படம் போட்ட சைகைகளையெல்லாம் சுமதி சொல்லிக்கொடுத்து, இரண்டு பேரும் கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறிவிட்டோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வடாலாவில் லாரிகள் நிற்கிற அந்தப் பொட்டல். மதினி கொடுத்தனுப்பிய கோலப்பொடியால் தரையில் பெரிய எட்டு ஒன்று போடுவேன். முதலில் எனக்குப் பாடம், பிறகு உனக்கு.

"கிளச்ச வெடுக்குன்னு விடாத. ஊசிக்கு அடியில துணிய விடுவேல்லா, அப்படி விடு." இதைவிட எனக்குப் புரிகிற மாதிரி யார் சொல்லியிருக்க முடியும்? நாலாவது வாரம் எட்டுப் போட்டுவிட்டேன்.

உன் கதை வேறு. உனக்கு ஓட்டத் தெரியாமலில்லை, கால்தான் கெடுத்தது. நம் சந்துகளில் ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் தண்ணீர் டிரம், நடுவில் எதிரே வருகிற ஆள். அங்கே ஓட்டுகிறவன் இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளித்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே போனவனுக்கு, வளைவு வந்தால் இடது கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். எட்டின் இடுப்புக்கு வரும்போதெல்லாம் நான் ஓரத்தில் நின்று "கால்" என்று கத்துவேன். "நான் எங்கட்டி ஊனுனேன்?" என்பாய். கோலப்பொடியில் உன் செருப்பு இழுத்த கோடு தெளிவாக இருக்கும்.

பரீட்சை அன்று எனக்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டார்கள். உன்னைப்போல அழகாக அங்கே யாரும் வண்டியைத் திருப்பவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டாவது வளைவில் கால் இறங்கிவிட்டது. பரீட்சை எடுத்தவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே "காகா, பாய் டேக்லா" என்றார். கால் ஊன்றிவிட்டாய், மறுபடி வா என்று அனுப்பிவிட்டார். அடுத்து நான். எட்டுப் போட்டேன், பாஸாகிவிட்டேன். சந்தோஷப்படக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்ததும் சாவியை என் கையில் வைத்தாய்.

"நீ ஓட்டு. நீதான பாஸு."

"சும்மா இரி. சந்துல ஆளுவ பாக்கும்."

"பாக்கட்டும். இனி லைசென்ஸ் இல்லாம ஒருத்தரயும் பின்னால ஏத்த மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்லா. நீயும் ஒரு ஆளுதான."

இப்படி ஒரு முடிவெடுத்திருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த ஏழெட்டு வாரமும் யாரையும் ஏற்றாமலே ஓட்டியிருக்கிறாய். வடாலாவுக்குக்கூட நான் பஸ்ஸில்தான் வந்தேன். பின் சீட்டில் பை ஏற்ற இடம் வேண்டும் என்றாய், அதை நம்பிவிட்டேன். உன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின் சீட்டில் உட்கார்ந்தாய். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் பையைப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு முன்னால் உன் கால்தான் தரையைத் தொட்டது. நம் சந்துக்குள் நுழைந்ததும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீயே முந்திக்கொண்டு, "தங்கச்சி பாஸு, நான் பெயிலு" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் போய்விட்டேன்.

வெள்ளை ஷூ யோசனை என்னுடையது. நீ சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் பொறுக்காத ஆள். பிள்ளைகள் டிரில்லுக்குப் போடுவார்களே, அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்து, "இத அழுக்காக்காம எட்டுப் போடு பாப்போம்" என்றேன். உடனே வேலை செய்தது. அடுத்த பரீட்சைக்கு அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோய், வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாட்டினாய். வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். நீ இரண்டு சுற்று முழுதாகப் போய்விட்டு வந்து, இடது காலைத் தூக்கி என்னிடம் காட்டினாய். நுனி வெள்ளையாகவே இருந்தது.

அட்டை தபாலில்தான் வரும் என்றார்கள். இந்த ஊரில் பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தானே, அதற்குள் சுமதியை அங்கே சேர்க்கிற நாள் வந்துவிட்டது. காலையில் மழை. நீ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திச் சீட்டைத் துடைத்தாய். சாவியை நீட்டினாய்.

"நீ கூட்டிட்டுப் போ. எனக்கு இன்னும் கார்டு வரலைல்லா."

கார்டுக்காக நீ நிற்கவில்லை, அண்ணே. நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்றுதான் நின்றாய். பாஸ்தான் ஆகிவிட்டாயே, நீயே கொண்டு விடு என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சந்து கேட்கக் கத்தினவளுக்கு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வெட்கம். சாவியை வாங்கிக்கொண்டேன். நீ மழையில் நனைந்துகொண்டே, நாங்கள் திரும்புகிற வரைக்கும் முனையில் நின்றாய். கண்ணாடியில் பார்த்தேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் குர்லாவில் ஒரு கடையில் பையை இறக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

பதினாறு முடிந்த மறுநாள் தபால்காரர் அட்டையைக் கொண்டுவந்தார். மதினி கையெழுத்துப் போட்டு வாங்கி, வண்டிச் சாவியோடு சேர்த்து என் கையில் கொடுத்தாள். "நீயே வச்சுக்க தாயி. வண்டி சும்மா நின்னா அவுகளுக்குப் பிடிக்காது."

அன்றிலிருந்து குர்லாவுக்குப் பை கொண்டுபோவதும் நான்தான். சந்துக்குள் ஓட்டி ஓட்டி எனக்கும் கால் இறங்க ஆரம்பித்துவிட்டது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் "கால்" என்று எனக்கு நானே சத்தம்போட்டுச் சொல்லிக்கொள்வேன், சுமதி சிரிப்பாள். வெள்ளை ஷூ பரணில் இருக்கிறது. உன் அட்டை என் அட்டையோடு ஒரே உறையில் இருக்கிறது, அதனால்தான் இன்றைக்கு இந்தக் குழப்பம்.

அந்தப் போலீஸ்காரர் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "தோனோ சம்பால்கே ரக்கோ" என்றார். இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள் என்கிறார். மூன்று வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

வாசலில் வைத்துச் சொன்னதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தினமும் காலையில் சீட்டைத் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிடுகிறேன். என் பிள்ளை உன் வண்டியில்தான் ஏறுகிறாள், அண்ணே.