மாடிப்படியில் உங்கள் காலடி

என்னங்க,

கிழித்துப் போடாமல் படியுங்கள். படியேறும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் நம் மகள்; ஒருமுறைகூடத் தப்பியதில்லை. "காது இருந்து என்ன, நாலு வார்த்தை ஒழுங்காப் பேசுறாளா? இவளோட மல்லுக்கட்ட என்னால முடியாது" என்று கத்திவிட்டுத்தானே போனீர்கள்?

நேற்று அவளாகவே பேசினாள். "அப்பா வந்தாரு. வாசல்ல நின்னாரு. போயிட்டாரு."

"பொய் சொல்லாதடி" என்று அதட்டினேன்.

"இடது கால இழுத்து இழுத்து நடந்தாரு" என்றாள்.

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

காலுக்கு என்ன ஆயிற்று? இங்கே நான் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகச் சமாளித்தது போதும், இனி என்னால் ஆகாது. வந்தால் கதவைத் தட்டக்கூட வேண்டாம். கீழ்ப்படியில் நீங்கள் கால் வைக்கும்போதே அவள் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவாள்.

தள்ளினால் போதும்.

இப்படிக்கு,
அவள் அம்மா