உத்தமனின் முந்நூறு வாக்கியங்கள்

ஜூன் 9, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஈஜிபுரா சரவணனிடமிருந்து, மைக்கோடு சேர்த்து, பழைய சாமான். உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் மைக்கைச் சொருக வேண்டும், மறுபக்கம் லேப்டாப். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். மைக்கில் பேசுவதை லேப்டாப்புக்குப் புரியும்படி மாற்றித் தருமாம். ஆனால் லேப்டாப்புக்கு இந்தப் பெட்டியே புரியவில்லை. பச்சை விளக்கு எரிகிறது. திரையைப் பார்த்தால் அப்படி ஒரு சாமானே இல்லை என்கிறது.

25ஆம் தேதி என் வீட்டுக்காரர் உத்தமனின் குரல்வளையை எடுக்கிறார்கள். இன்னும் பதினாறு நாள். இருபத்திரண்டு வருஷமாக பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டு ‘ஸ்வல்ப முந்தே ஹோகி’, கொஞ்சம் முன்னே போங்க, என்று கன்னடத்தில் கத்திய தொண்டை. அதற்குள் இந்தக் கட்டி.

ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறார்களாம். முந்நூறு வாக்கியம் படித்துக் கொடுத்தால், பிறகு அவர் எழுதுவதை அவர் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்ருதா என்ற பெண் தெளிவாகச் சொன்னாள்: “போன்ல எடுக்காதீங்க மேடம், குரல அமுக்கிடும். நல்ல மைக், இன்டர்ஃபேஸ் வெச்சு எடுங்க. சத்தமே இருக்கக் கூடாது.”

ஜூன் 10, செவ்வாய்

கேபிள்! போன் சார்ஜ் பண்ணும் கேபிளைச் சொருகியிருக்கிறேன். அதில் கரண்ட் மட்டும்தான் போகும். தினம் முப்பது பேருக்கு போனில் ‘கேபிள மாத்திப் பாருங்க சார்’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஹெல்ப் டெஸ்க்காரி நான். ஒரு நாள் போயிற்று.

ஜூன் 11, புதன்

சரியான கேபிள் போட்டதும் லேப்டாப் பெட்டியைப் பார்த்தது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிவப்பில் ஒரு செய்தி: வெளிச்சாதனம், அனுமதி இல்லை.

ஆபீஸ் லேப்டாப். வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கொடுத்தது, வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். கரண்ட் பில், சினிமா எல்லாம் அதில்தான் நடக்கிறது. இந்த ஊரில் யார் வீட்டில்தான் அப்படி இல்லை? பெட்டிக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைப் போட ஆபீஸ் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் நாலு முறை எழுதி அழித்து, கடைசியில் ‘கணவரின் மருத்துவத் தேவை’ என்று எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

பதில் வந்தது.

‘தங்கள் சூழ்நிலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும் தனிப்பட்ட காரணங்களுக்காக வெளிச்சாதனங்களை அனுமதிக்க இயலாது. இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.’

இங்கிலீஷில் இதை எழுதியதே நான்தான். போன வருஷம் எங்கள் டீம் லீடர் சரளா மேடம், “இப்படிக் கேக்குறவங்களுக்கெல்லாம் அனுப்ப மரியாதையா ஒரு பதில் எழுதி வை தாரணி” என்றார். உட்கார்ந்து மரியாதையாக எழுதினேன். ‘முழுமையாக’ என்ற வார்த்தையைச் சேர்த்தபோது நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன்? ஒருவராவது என்ன காரணம் எழுதியிருந்தார் என்று படித்தேனா? என்னத்தப் புரிஞ்சிக்கிட்டே நீ? மண்ணாங்கட்டி.

சரளா மேடத்தை போனில் கூப்பிட்டுக் கெஞ்சினேன். “எனக்கும் மனசு கஷ்டமா இருக்கு தாரணி. ஆனா ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் கேப்பாங்க. உனக்குத் தெரியாதா?”

தெரியும். எனக்குத்தான் நல்லாத் தெரியும்.

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் கேட்டார்: “இன்னாம்மா, பெட்டி பேசுதா?” அவர் குரல் இப்போதே சாக்கை இழுப்பதுபோல் இருக்கிறது. நேற்றைவிட மோசம்.

ஜூன் 13, வெள்ளி

யாரிடமும் லேப்டாப் கிடைக்கவில்லை. ஏழு பேரிடம் கேட்டேன். எல்லோரிடமும் இருப்பது ஆபீஸ் லேப்டாப்.

ஜூன் 14, சனி

சரவணனே தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்தார். கேட்காமலே வந்த மனுஷர். டிரைவர் போட்டோம். பெட்டி தெரிந்தது! ஆனால் குரலோடு சேர்ந்து பட் பட்டென்று கடலை பொரிகிற சத்தம். இரண்டு மணி நேரம். கடைசியில் பார்த்தால் பெட்டியில் 48 என்றும் லேப்டாப்பில் 44.1 என்றும் இருந்தது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஓடினால் இப்படித்தான் பொரியுமாம். ஒன்றாக்கினதும் நின்றது.

சத்தம் கேட்கக் கூடாது என்கிறார்களே, ஒற்றை அறை வீட்டில் எங்கே போவது என்று கேட்டேன். சரவணன் சிரித்தார். “இந்த மைக்கு வாய்கிட்ட இருக்கிறத மட்டுந்தாங்க்கா கேக்கும். பக்கத்துல பட்டாசு வெச்சாலும் கண்டுக்காது.”

ஜூன் 15, ஞாயிறு

ஆரம்பித்தோம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். பஸ் போர்டுகளைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட கன்னட எழுத்தில் முந்நூறு தமிழ் வாக்கியங்களையும் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். முதல் வாக்கியம், ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நா எப்பம்மா இப்படிக் கேட்டேன்? நியூஸ் வாசிக்கிறவனா நானு?”

“எழுதியிருக்கிறத அப்படியே படிங்க.”

“ஆவாது. தாரு, ஒரு சொம்பு தண்ணி குடு. இப்படித்தான் கேப்பேன். போட்டுக்க.”

கோபம் வந்தது. பிறகு அம்ருதாவிடம் கேட்டேன். அவர் வழக்கமாகப் பேசுவதுபோலவே பேசினால் இன்னும் நல்லது என்றாள். ஆக முந்நூறையும் அவர் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டே போகிறார். முதல் மூன்றைப் போட்டுக் கேட்டோம், குரல் தெளிவாக இருந்தது. பேசும்போதெல்லாம் பெட்டியின் விளக்கு துடிக்கிறது. அதைப் பார்த்தால் போதும், எனக்குத் தெம்பு வருகிறது. இன்று அறுபது.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். 25 இல்லை, 19. கட்டி வேகமாகப் போகிறதாம். புதன்கிழமையே சேர்க்க வேண்டும்.

இரண்டு நாளில் இருநூற்று நாற்பது வாக்கியம். சமைக்க, குளிக்க என்று தனியாக நேரம் கிடையாது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டே எடுக்கிறோம். மைக்குக்குத்தான் கேட்காதே. நடுநடுவே இருமல். “போதும் தாரு” என்றபோதும் நான் விடவில்லை. “இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு.” நான் என்ன மனுஷியா?

ஜூன் 17, செவ்வாய்

மதியம் முந்நூறாவது. படித்து முடித்துவிட்டு, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி சுவரை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அம்ருதாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். முடிந்தது. முடிந்தே விட்டது!

ஜூன் 18, புதன்

காலை எட்டு மணிக்கு அம்ருதா. தயங்கித் தயங்கிப் பேசினாள். “மேடம், இது மைக்ல எடுத்த மாதிரி இல்லையே. ஃபேன், குக்கர் விசில், உங்க குரல் எல்லாம் இருக்கு. முந்நூறுல நாப்பத்தொண்ணுதான் தேறும். கொறஞ்சது நூத்தம்பது வேணும்.”

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு அசையவில்லை. லேப்டாப் மூடியைத் தட்டினேன், கோடு துள்ளியது. ரெக்கார்டிங் மென்பொருளில் உள்ளீடு என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கே இருந்திருக்கிறது. சனிக்கிழமை வேகத்தை ஒன்றாக்கியபோது அது தானாக மாறியிருக்க வேண்டும், மூன்று நாளும் அப்படியே. பெட்டி துடித்ததெல்லாம் சும்மா. அது கேட்டுக்கொண்டிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு க்ளிக். தினம் முப்பது பேருக்குச் சொல்வேனே, ‘செட்டிங்ஸ்ல எது செலக்ட் ஆயிருக்கு பாருங்க’ன்னு. அய்யோ, என் புத்தி எங்க போச்சு?

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மாற்றிவிட்டு மைக்கை அவர் வாயருகே வைத்தேன். “ஒரு நூறு மட்டும்ங்க. ஒரு நூறு.” வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர குரல் வரவில்லை. மூன்று நாளாக நான்தானே அதைப் பிழிந்து எடுத்தேன்.

மைக்கை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, ‘ரைட்’ என்று கையால் காட்டினார்.

ஜூன் 19, வியாழன்

எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஸ்லேட்டில் எழுதுகிறார். எல்லாம் கன்னட எழுத்து, பாதி கன்னட வார்த்தை, அவசரத்தில் எனக்குப் புரிவதில்லை. புரியாதபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மூக்கில் குழாய், மூச்சு விடக் கழுத்தில் ஓர் ஓட்டை. இன்று ஸ்லேட்டில், ‘ரெக்கார்டிங் எங்கே?’

அது வீணாகிவிட்டது என்று சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். எழுதினார்: ‘எனக்கு வேணும்.’

ஜூலை 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். லேப்டாப்பைச் சரவணனிடம் திருப்பிக் கொடுக்கும் முன் முந்நூறையும் என் வீட்டுக்காரர் போனில் ஏற்றினேன். என்னால் கேட்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டியதைப் பொறுக்கியிருக்கிறார். அமுக்கினால் பேசுகிற மாதிரி பொத்தான்களாக அடுக்கிக் கொடுத்தேன். அறுபத்தெட்டு. இரைச்சலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஷிப்ட். யாரோ ஒருவருக்கு பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல்.

“தாரு, ஒரு டீ போடேன்.”

கூடவே குக்கர் விசில். ஒன்று. “கிட்ட வந்து பேசுங்க” என்று என் குரல். இரண்டு. மூன்று விசில் வந்ததும், “ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் அடுப்பின் திருகைப் பிடித்தேன்.

அடுப்பு எரியவில்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருக்கிறது, தோள் இரண்டும் குலுங்குகின்றன, கழுத்து ஓட்டையில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று போய் வருகிறது. ஒரு சத்தமில்லை. சிரிக்கிறார். கல்யாணமானதிலிருந்து இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அதே பொத்தானை அமுக்கினார்.

பாவி மனுஷன். டீ போட்டுக் கொடுத்தேன்.