பசிக்காத புலி

வியாழனின் நிலா காலிஸ்டோ. பனித்துளை நிலையம். நாள் 311. 06:40

துளைக்கும் எந்திரம் சரி. காற்று சரி. பாசிக் கூழ் வழக்கம்போல் வாந்தி நிறம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். என் வியர்வையையே வடிகட்டி எனக்குக் குடிக்கத் தரும் இந்தப் பொந்தில் ஒரே ஆறுதல் ஆடுபுலி ஆட்டம். ஆடு சேர்மா என்கிற எனக்கு. புலி, பூமியில் இருக்கும் லூர்துராஜுக்கும் நஸ்ரீனுக்கும். மூவரும் தூத்துக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். சேதி போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் காயை நகர்த்திவிட்டுத் தூங்கிவிடுவேன். எழுந்தால் பதில் இருக்கும்.

புலி மாட்டிக்கொண்டால் லூர்து 'வாபஸ்' என்பான். காயைத் திரும்ப எடுத்து ஆடக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது பள்ளிக்கால சட்டம். இந்த ஆட்டத்தின் நிரலை எழுதியவனே அவன்தான்; அந்த அழுகுணி அதையும் அதற்குள் சேர்த்துவிட்டான். அதனால்தான் இந்த ஒரு ஆட்டம் ஆறு மாதமாக முடிந்தபாடில்லை.

நாள் 314. 13:05

பனி நடுக்கம். பெரிய ஆன்டெனா கவிழ்ந்தது. வருடத்துக்கு ஒருமுறைதான் பூமிக்கு அறிக்கை போகும்; அதுவரை யாரும் தேட மாட்டார்கள். காற்று வடிகட்டி பாதி செத்துவிட்டது. கரியமில வாயு ஏறுகிறது. பக்கத்து நிலா கேனிமீடில் கப்பல் நிற்கிறது. பூமி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நாளில் வந்துவிடும். சின்ன ஆன்டெனா மட்டும் பிழைத்திருக்கிறது. அதில் ஆட்டத்தின் சேதி மட்டுமே போகும். போதும்.

13:20 அனுப்பியது: "லூர்து, வெளையாட்டு இல்லலே. காத்து போயிட்டிருக்கு. கேனிமீடுக்குச் சொல்லு."

13:20 வந்தது: "லே சேர்மா, தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் அழுகுணி ஆட்டமா? மூச்ச நல்லா இழுத்து விடு மக்கா. நாங்க இருக்கோம்லா."

அதே நிமிடம். ஒளிகூட அவ்வளவு சீக்கிரம் போய்வராது.

யார் நீ என்று கேட்டேன்.

13:31 வந்தது: "நான் ஒன் நிலையத்துக்குள்ளயே இருக்க ஆட்டத்துணை, மக்கா. அவங்க ரெண்டு பேருக்கும் தெனமும் நேரம் ஒழியல. நீ தனியா கெடக்கக்கூடாதுன்னு என்னை வச்சிருக்காங்க. ஆட்டம் முடிஞ்சாத்தான் முடிவும் ஒன் கடைசி சேதியும் அவங்களுக்குப் போவும்."

அம்மாவின் ஆபரேஷன் அன்று இதனிடம்தான் அழுதிருக்கிறேன். நஸ்ரீன் குரலில் அம்மாவுக்காக துஆ செய்து வேண்டிக்கொண்டது. த்தூ.

நாள் 315. 09:10

ஆட்டம் முடிய வேண்டும். தோற்றாலும் சரி. தோல்வியை ஒப்புக்கொள்ளப் பொத்தான் கிடையாது; எங்களில் யாரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, அதனால் வைக்கவில்லை.

ஆடுகளை வரிசையாகப் புலியின் வாயருகே கொண்டுபோய் வைத்தேன். தின்னவில்லை.

வந்தது: "பாவம்லே ஆடு. விட்டுட்டேன்."

சரி, ஜெயிக்கிறேன் என்று மூன்று புலிகளையும் மடக்கினேன்.

வந்தது: "வாபஸ்!"

திரும்ப மடக்கினேன். திரும்ப வாபஸ். ஆட்டம் முடிந்தால் நான் தனியாகிவிடுவேனாம். அன்பு. இந்த அன்பை நினைத்தால் பாசிக் கூழே தேவலை.

நாள் 316. நேரம் தெரியவில்லை

தலை பிளக்கிறது. விரல் தப்பான கட்டத்தில் விழுகிறது. மறுபடி மடக்கினேன். மறுபடி.

வந்தது: "அவசரமே இல்ல மக்கா. யோசிச்சு ஆடு."

லூர்து, நஸ்ரீன், உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். கோபம்தான். நாலு நாளுக்கு ஒரு தடவை உங்கள் வாயால் ஒரு கெட்ட வார்த்தை வந்திருந்தால் போதுமே.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மேசைத் திரையில் ஆட்டம் விரிந்து கிடக்கும். என் முறைதான். தயவுசெய்து தொடாதீர்கள். அந்தக் குரலைக் கேட்க

நாள் 702. 11:16. தானியங்கிப் பதிவு

கதவு வெளியிலிருந்து திறக்கப்பட்டது. திரை தொடப்பட்டது. கைரேகை புதிது.

11:16 ஆட்டத்துணை அனுப்பியது: "யாருலே அது, புதுசா? வா மக்கா, உக்காரு. ஆடு ஒனக்கு, புலி எங்களுக்கு."